640 ரூபாய் குறைந்ததற்கு 1,500 ரூபாய்

கணக்கில் கிடந்தது 17,760 ரூபாய். வந்த செக் 18,400 ரூபாய்க்கு. குறைந்தது 640. வங்கி செக்கைத் திருப்பி அனுப்பவில்லை, குறைந்த காசைத் தானே போட்டுப் பாஸ் பண்ணிவிட்டது. அதற்குக் கட்டணம் 1,500 ரூபாய், வட்டி வேறு. இரண்டு நாள் கழித்து, வங்கி திறந்த கையோடு குறைந்த காசைக் கட்டியாயிற்று. நடந்தது இவ்வளவுதான்.

இலங்கையின் மட்டக்களப்பில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு சின்னச் சில்லறைக் கடை வைத்திருக்கும் மாமி ஒருவருடைய கணக்கு இது. எனக்கு அம்மா வழிச் சொந்தம். பெயரும் ஊரும் வேண்டாம், வங்கியின் பெயரும் வேண்டாம், ஏனென்றால் இது ஒரு வங்கியில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை. கல்முனையில் புடவைக்கடை வைத்திருப்பவரைக் கேட்டாலும், அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் விவசாயியைக் கேட்டாலும், வங்கி வேறு, தொகை வேறு, கதை கிட்டத்தட்ட இதுதான்.

ஸ்டேட்மென்ட் இங்கிலிஷில் இருந்ததால் மாமி அதை என்னிடம் கொண்டுவந்தார். ஷொப்பிங் பையில் நாலாக மடித்து வைத்திருந்தார். நான் வரிவரியாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். 1,500 என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். "மனே, 640 ரூபாதானே குறைஞ்சது. மறுகா ஏன் இவ்வளவு வெட்டியிருக்காங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே விளங்காமல் கேட்டார். "அது சார்ஜ் மாமி" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அதனால் அந்தக் கிழமை முழுக்க இதைப் பற்றியே தேடி வாசித்தேன், ஆட்களிடம் விசாரித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஒரு சில்லறைக் கடைக்கு எதற்கு நடைமுறைக் கணக்கும் செக் புத்தகமும் என்று கேட்பவர்களுக்கு. பிஸ்கட், சவர்க்காரம், பால்மா கொண்டுவரும் வேன்காரர்கள் கிழமைக்கு ஒருதரம் வருவார்கள். கையில் காசு கொடுத்தால் காசுக்குச் சாமான், இல்லாவிட்டால் இரண்டு கிழமை தள்ளித் திகதி போட்ட செக். அந்த இரண்டு கிழமைத் தவணைதான் இந்தக் கடைகளின் முதல். வேறு முதல் இல்லை. செக் புத்தகம் போனால் தட்டில் பாதிச் சாமான் போய்விடும்.

மறுபக்கம் கடன் கொப்பி. மாமியின் கொப்பியைப் பார்த்தால்தான் இந்த விஷயம் விளங்கும். நீளக் கணக்குக் கொப்பி, அட்டை கழன்று ரப்பர் வளையம் போட்டிருக்கிறது. ஆட்களின் பெயரை முழுசாக எழுதமாட்டார், "பாலத்தடி மேசன்", "சின்னவன்ட பெஞ்சாதி", "வாடிக்காரர்" என்றுதான் தலைப்பு. கீழே தேயிலை 50, சீனி கால், பால்மா சின்னது, நெருப்புப்பெட்டி, மண்ணெண்ணெய் அரைப் போத்தல். கட்டியவுடன் பக்கத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடிப்பார். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பு நடக்கும்போது கோடு விழாத பக்கங்கள் கூடத் தொடங்கும். மாரி மழை பிடித்தால் மேசன் வேலை இல்லை, மண் வேலை இல்லை, வாவியில் தோணி இறக்குவதும் நினைத்தபடி முடியாது. மாசி, பங்குனியில் பெரும்போக வெட்டு முடிந்து நெல் விற்றுக் காசு கைக்கு வரும்போதுதான் அந்தப் பக்கங்களில் வரிசையாகக் கோடு விழும். இடையில் உள்ள மூன்று நாலு மாதம் ஊரையே மாமிதான் தாங்குகிறார். ஊரில் பாதிப்பேர் அவருக்குக் கொடுக்க இருக்கிறார்கள். அந்தக் காசு இருக்கிறது, நிச்சயம் வரும், ஆனால் வங்கிக் கணக்கில் இல்லை. வேன்காரரின் செக் மட்டும் மழை வெயில் பாராமல் கிழமைக்குக் கிழமை வந்து நிற்கும்.

ஆகவே கணக்கில் காசு குறைவது கவனக்குறைவால் வருவது இல்லை. நெல்லை நம்பி வாழும் ஊரில் அது வருஷா வருஷம் வரும், எப்போது வரும் என்று கூடச் சொல்லலாம். வங்கிகளுக்கும் இது தெரியாமல் இல்லை, விவசாயக் கடனை வெட்டுக்குப் பிறகு கட்டச் சொல்லித் தவணை போடுகிறவர்களும் அவர்கள்தானே.

சரி, இப்போது அந்த 1,500க்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி சில கடன்களுக்கு வட்டி எல்லை போட்டது. நகை அடகுக்கு வருடம் 18 சதவீதம், முன்கூட்டியே பேசி எடுக்கும் தற்காலிக ஓவர்ட்ராப்டுக்கு, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுப்பதற்கு, 23 சதவீதம், கிரெடிட் கார்டுக்கு 28 சதவீதம். வட்டி தாறுமாறாக ஏறிய நெருக்கடிக் காலத்துக்குப் பிறகு வந்த நல்ல காரியம் அது. மாமி எதையும் முன்கூட்டிப் பேசி எடுக்கவில்லை, ஆனாலும் ஒரு கணக்குக்காக அந்த 23 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். 640 ரூபாய்க்கு இரண்டு நாள் வட்டி எவ்வளவு? 81 சதம். ஒரு ரூபாய் கூட வராது. வெட்டியது 1,500 ரூபாய். அதை அந்த இரண்டு நாளைக்கான வட்டியாக வைத்துப் பார்த்தால், வாங்கிய காசின் 234 சதவீதம். வருடத்துக்கு அல்ல, இரண்டு நாளைக்கு.

என் முறைப்பாடு முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. வட்டிக்கு எல்லை போட்டார்கள், அதைப் பத்திரிகையிலும் போட்டார்கள். அதே குறைவுக்கு "கட்டணம்" என்று வேறு பெயரில் வாங்கும்போது அந்த எல்லை எட்டுவதில்லை. அந்தக் கட்டணம் தொகையைப் பார்த்து வருவதும் இல்லை. ஆறு இலட்சம் குறைந்த பெரிய வியாபாரிக்கும் 640 ரூபாய் குறைந்த மாமிக்கும் ஒரே 1,500 என்றால், பெரியவருக்கு அது தேத்தண்ணீர்ச் செலவு, மாமிக்குக் கடையின் இரண்டு மூன்று நாள் இலாபம். ஆகக் குறைவாகக் கடன்படுகிறவர்தான் ஆகக் கூடிய விலை கொடுக்கிறார். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டில் இது பழைய சண்டை. அமெரிக்காவில் கணக்கில் காசு குறைந்து வங்கி பாஸ் பண்ணினால் ஒருதரத்துக்கு 35 டொலர் வரை வெட்டுவது வழக்கமாக இருந்தது. 2024 டிசம்பரில் அங்கத்தைய நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் பெரிய வங்கிகள் 5 டொலருக்கு மேல் எடுப்பதென்றால் ஒன்றில் உண்மையான செலவைக் காட்ட வேண்டும், இல்லையேல் அதை மற்றக் கடன்களைப் போல வட்டியை வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வரும் முன்னமே 2025 இல் காங்கிரஸ் அதை இல்லாமலாக்கியது, ஜனாதிபதியும் கையெழுத்து வைத்தார். பிரித்தானியாவில் வேறு மாதிரி முடிந்தது. 2020 ஏப்ரலில் இருந்து அங்கே ஓவர்ட்ராப்டுக்கு நிலையான கட்டணம் எடுக்க முடியாது. நாளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்பதெல்லாம் நிறுத்தப்பட்டு, ஒரே ஒரு வருட வட்டி, எவ்வளவு குறைந்ததோ அதற்கு மட்டும் என்று ஆக்கினார்கள். வங்கிகள் உடனே அந்த வட்டியை 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தன, அதைப் பார்த்துப் பலர் கத்தினார்கள். ஆனால் மாமியின் கணக்கை அந்த 40 சதவீதத்தில் போட்டுப் பாருங்கள், இரண்டு நாளைக்கு ஒரு ரூபாய் 40 சதம். எனக்கு அந்த 40 சதவீதமே போதும் என்று தோன்றுகிறது.

மாமியின் கதை 1,500 உடன் முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அந்த மாரியிலேயே இரண்டாவது தரமும் குறைந்தது. வெள்ளம் வந்த கிழமை. எங்கள் பக்கம் தண்ணீர் ஏறினால் வலையிறவுப் பாதை தண்ணீருக்குள் போய்விடும், மற்றப் பாதைகளும் நம்பிக்கை இல்லை. கையில் காசு வைத்துக்கொண்டே மாமியால் வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு வந்து கட்ட முடியவில்லை. செக்குக்கு அது தெரியாது. 2006 இல் இருந்து நாடு முழுக்கச் செக்கின் படத்தைத்தான் அனுப்பித் தீர்க்கிறார்கள், போட்டதற்கு அடுத்த வேலை நாளே முடிந்துவிடும். இந்தத் தரம் வங்கி பாஸ் பண்ணவில்லை, செக் திரும்பியது.

செக் திரும்பியதற்கு வங்கி ஒரு கட்டணம். வேன்காரரின் கம்பனியும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் பில்லில் சேர்த்தது. அதோடு தவணையும் நின்றது, இனிக் காசுக்குத்தான் சாமான் என்றுவிட்டார்கள். இதற்கெல்லாம் மேலே பயம். கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டு செக் கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டப்படி குற்றம். மாமி தெரிந்து ஏமாற்றியவர் இல்லை, அது வழக்காகப் போகக்கூடிய விஷயமும் இல்லை, ஆனால் யாரோ கடையில் நின்று "செக் திரும்பினா பொலிஸ்" என்று சொல்லிவிட்டுப் போக, மனுசி இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. மூன்றாம் நாள் தோட்டைக் கழற்றிக்கொண்டு ஈடு வைக்கப் போனார். மகளின் சாமத்தியத்துக்குச் செய்த தோடு. அடகு வட்டியும் அடகுச் சீட்டும் கொப்பிக்குள் இப்போது புதிதாக ஒரு பக்கம் பிடித்திருக்கின்றன.

அவருக்குத் தோடாவது இருந்தது. இல்லாதவர்கள் எங்கே போவார்கள் என்பது கிழக்கில் எல்லோருக்கும் தெரியும், கிழமைக்குக் கிழமை தவணை வாங்கும் நுண்கடன்காரரிடம், அல்லது நாளுக்கு நாள் வட்டி ஏற்றும் மீற்றர் வட்டிக்காரரிடம். நுண்கடன் எங்கள் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2018 இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், மட்டக்களப்பும் அம்பாறையும் அதற்குள் அடக்கம், ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே இறங்க வேண்டி வந்தது. அந்தக் கடன்கள் ஏன் எடுக்கப்பட்டன என்று பேசும்போது ஆடம்பரம், கலியாணம், திருவிழா என்று சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். ஒரு கட்டணத்தை அடைக்க ஒரு கடன், அதன் தவணையைக் கட்ட இன்னொரு கடன் என்று போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அப்படிப் போனதை யாரும் எழுதி வைப்பதில்லை.

செக் புத்தகமே இல்லாதவர்களுக்கும் இது உண்டு. மாமியின் கடைக்கு வரும் ஒரு அக்கா பன்பாய் இழைத்து விற்கிறார், புருஷன் இல்லை. முன்னம் ஒரு கார்மென்ட்ஸில் வேலை செய்தபோது திறந்த சேமிப்புக் கணக்கில், பிள்ளைக்குத் தையில் சப்பாத்து வாங்கவென்று கொஞ்சக் காசு விட்டு வைத்திருந்தார். எடுக்கப் போனபோது பாதிதான் இருந்தது. கார்ட்டுக்கு வருடக் கட்டணம், குறுஞ்செய்திக்குக் கட்டணம், ஆகக் குறைந்த மீதி இல்லை என்பதற்கு மாதா மாதம் ஒரு கட்டணம். யாரும் களவெடுக்கவில்லை, எல்லாம் கணக்குத் திறக்கும்போது கையெழுத்து வைத்த தாளில் இருக்கிறதாம். 2023 இல், வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும வந்ததில் இருந்து உதவிப்பணமும் வங்கிக் கணக்குக்கே வருகிறது. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500, வறிய குடும்பத்துக்கு 10,000 என்று 2025 இல் கூட்டியதும் நல்லதுதான். ஆனால் அந்தக் காசை நம்பி இருக்கும் வீட்டில் 300 ரூபாய் வெட்டினால் அது ஒரு நேர அரிசி. எங்கள் ஆட்கள் எல்லோரையும் வங்கிக்கு வா வா என்று கூப்பிட்டுவிட்டு, வந்தவர்களிடம் காசு குறைவாக இருக்கிறது என்பதற்காகவே காசு எடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வங்கியில் இருக்கும் எங்கள் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. கவுண்டரில் இருப்பதும் நம்ம ஊர்ப் பிள்ளைகள்தான், கட்டணத்தை அவர்கள் வெட்டுவதில்லை, இரவில் கொம்பியூட்டர் தானாக வெட்டுகிறது. வங்கியில் வேலை செய்யும் நண்பன் ஒருவன் சொன்ன நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டணம் இல்லாவிட்டால் எல்லோரும் காசில்லாமல் செக் எழுதத் தொடங்கிவிடுவார்கள், பிறகு செக்குக்கே மதிப்பு இருக்காது என்றான். அதில் உண்மை இருக்கிறது. நெல் வியாபாரிகளின் செக் திரும்பி, விதைத்து வெட்டிய விவசாயி நடுத்தெருவில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன், அப்படியான ஆட்களுக்குக் கட்டணம் போதாது, வழக்கே போட வேண்டும். ஆனால் 640 ரூபாய் குறைந்து இரண்டு நாளில் கட்டியவரையும் கணக்கில் காசே இல்லாமல் ஆறு இலட்சத்துக்குச் செக் எழுதியவரையும் கொம்பியூட்டர் பிரித்துப் பார்க்கலாம்தானே. தொகை அதற்குத் தெரியும், நாளும் தெரியும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 1,000 ரூபாய்க்கு உட்பட்ட குறைவென்றால் வட்டி மட்டும், கட்டணம் வேண்டாம். செக் வந்து நிற்கும் காலையில் ஒரு குறுஞ்செய்தி, பின்னேரம் மூன்று மணிக்குள் கட்ட ஒரு வாய்ப்பு. இப்போது குறுஞ்செய்தி வருகிறது, அதற்குக் காசும் எடுக்கிறார்கள், ஆனால் வெட்டிய பிறகுதான் வருகிறது. வெள்ளம், புயல் என்று மாவட்டமே முடங்கும் நாட்களில் செக் திரும்பும் கட்டணத்தை நிறுத்திவைக்க வேண்டும். அது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம், கொரோனாக் காலத்தில் செக் திரும்பினால் கட்டணம் எடுக்க வேண்டாம் என்று மத்திய வங்கி சொல்லி, அப்படி நடந்தது. வட்டிக்கு எல்லை போட்ட மத்திய வங்கியால் கட்டணத்துக்கும் போட முடியும்.

அதுவரைக்கும் நாங்கள் செய்யக்கூடியது, கேட்பது. இதைத்தான் மாமிக்கும் சொன்னேன். எங்கள் ஆட்கள் வங்கிக்குள் போனால் கோயிலுக்குள் போனது போல் குரலைத் தாழ்த்திக்கொண்டு நிற்பார்கள், வெட்டியதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். கேட்கலாம். கட்டணத்தைத் திருப்பிப் போடும் அதிகாரம் பெரும்பாலும் கிளை மனேஜருக்கு இருக்கிறது, பெரிய வாடிக்கையாளர்கள் ஒரு போன் அழைப்பில் திருப்பி வாங்குகிறார்கள். கணக்கின் நிபந்தனைகளைத் தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும், அது 2011 இல் மத்திய வங்கி வங்கிகளுக்கு விதித்த வாடிக்கையாளர் பட்டயத்திலேயே இருக்கிறது. கட்டணப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மாமி என்னோடு வந்து மனேஜரைக் கண்டார். நான் பேசவில்லை, அவரே பேசினார், கொப்பியையும் கொண்டுபோய் மேசையில் விரித்துக் காட்டினார். மனேஜர் கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். முதல் 1,500ஐத் திருப்பிப் போட்டுத் தந்தார்கள். வெள்ளக் கிழமையில் திரும்பிய செக்கின் கட்டணம் தலைமை அலுவலகத்தைக் கேட்டுத்தான் சொல்லலாம் என்றார்கள், இன்னும் பதில் இல்லை. பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 இல் அழைக்கப் போகிறோம். நிதிக் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம். எங்கே போவதென்றாலும் முதலில் உங்கள் வங்கிக்கே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும், வாயால் சொன்னது கணக்கில் வராது.

கடிதம் தமிழிலேயே எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். கணக்கு இலக்கம், வெட்டிய திகதி, வெட்டிய தொகை, எவ்வளவு குறைந்தது, எத்தனை நாளில் கட்டினீர்கள், ஏன் குறைந்தது. ஸ்டேட்மென்டில் அந்த வரியைக் கோடிட்டு ஒரு பிரதி இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் திகதியோடு கிளையின் சீல் வாங்கிக்கொண்டு வாருங்கள். எழுதக் கஷ்டமென்றால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், சேர்ந்து எழுதலாம்.